1969 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர்: ஐந்து டப்பா போல்ட் இருக்கிறது, சரியான போல்ட் எங்கே கிடைக்கும்?

வார்விக்_வாசன் · ஜனவரி 11, இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். போன நவம்பரில் ஒரு 1969 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன். லெமிங்டன் ஸ்பாவில் வீட்டு கராஜில் நிற்கிறது. பாடி ஒரு தள்ளுவண்டி மேல், எஞ்சின் ஒரு ஸ்டாண்டில், மிச்சமெல்லாம் அட்டைப்பெட்டிகளில். முன்பு வைத்திருந்தவர் பிரித்துப் போட்டுவிட்டுப் பல வருஷம் அப்படியே விட்டிருக்கிறார்.

பேனல், ரப்பர், கண்ணாடி எல்லாம் காசு இருந்தால் கிடைத்துவிடுகிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்காரர்கள் 1988 முதல் இந்தக் காருக்கு முழு பாடியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். எனக்குத் தலைவலி தருவது போல்ட்தான். போல்ட், நட்டு, ஸ்க்ரூ, வாஷர் அத்தனையும் ஐந்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன. எதிலும் ஒரு சீட்டுகூட இல்லை. பாதி துருப்பிடித்தவை. சில புதிதாக மின்னுகின்றன, ஆனால் அவை இந்தக் காருடையவை மாதிரித் தெரியவில்லை.

என்னிடம் இருப்பது மில்லிமீட்டர் ஸ்பேனர் செட். 13 சில போல்ட்டில் லொடலொடவென்று உட்காருகிறது. 11 சின்னப் போல்ட்டில் ஏறவே மாட்டேன் என்கிறது. ஒரு முழு போல்ட் செட் வாங்கிவிடலாமா, இல்லை இந்த டப்பாக்களையே அலசலாமா? இடது பக்கக் கதவுத் தூணில் ஒரு நட்டு, அது பாடிக்குள்ளேயே கூட்டில் உட்கார்ந்த வகை. அதில் யாரோ வேறு போல்ட்டைத் திணித்து மரையைக் கெடுத்திருக்கிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பழைய_இரும்பு · ஜனவரி 11, இரவு 10:45

வாசன், டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் பாதி தங்கம்.

நான் உல்வர்ஹாம்ப்டனில் இருக்கிறேன், 1972 எம்.ஜி.பி. ஜி.டி. (அதே கார், மூடிய கூரை) ஓட்டுகிறேன். பக்கத்திலேயே டார்லஸ்டன். ஒரு காலத்தில் இந்த நாட்டின் நட்டு போல்ட் ஊரே அதுதான். உங்கள் டப்பாவைக் கிளறினால் தலையில் ஜி.கே.என். (பெரிய பிரிட்டிஷ் போல்ட் கம்பெனி) என்று எழுத்துள்ள போல்ட் நிச்சயம் கிடைக்கும்.

எம்.ஜி.பி. 1962-இல் வந்த கார். அதற்குள் பிரிட்டிஷ் கார் கம்பெனிகள் பழைய விட்வொர்த் மரையிலிருந்து யூனிஃபைட் மரைக்கு மாறிவிட்டன. போரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒருவர் போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948-இல் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட மரை அது. அதில் பொடி மரைக்குப் பெயர் யூ.என்.எஃப். உங்கள் காரில் பெரும்பாலும் அதுதான். வார்ப்பு இரும்பு, அலுமினியத்துக்குள் இறங்கும் இடங்கள் சிலவற்றில் யூ.என்.சி. என்ற முரட்டு மரை வரும்.

ஸ்பேனர் விஷயம். 5/16 யூ.என்.எஃப். போல்ட்டின் தலை 1/2 இஞ்ச், அதாவது 12.7 மி.மீ. உங்கள் 13 அதில் 0.3 மி.மீ. ஆடும். துருப்பிடித்த போல்ட்டில் அந்த ஆட்டம் போதும், மூலைகளை மழுக்கிவிடும். 1/4 போல்ட்டின் தலை 7/16, 11.11 மி.மீ. அதனால்தான் 11 ஏறவில்லை. முதலில் ஏ.எஃப். (தலையின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அளவு) என்று போட்ட இஞ்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இருந்தால் காரில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

கதவுத் தூணில் யாரோ திணித்தது 8 மி.மீ. போல்ட் என்று நினைக்கிறேன். 5/16 என்பது 7.94 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் யூ.என்.எஃப்.-இல் இஞ்சுக்கு 24 மரை, 8 மி.மீ. போல்ட்டில் சுமார் 20. முதல் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். "துருதான்" என்று நினைத்து நீண்ட கைப்பிடி போட்டுத் திருகியிருப்பார்கள். ஒரு 5/16 யூ.என்.எஃப். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) எடுத்து, எண்ணெய் விட்டு, கையாலேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பாதி மரையாவது மிஞ்சியிருந்தால் பிழைத்துவிடும். இல்லையென்றால் ஹெலிகாயில், அதாவது கெட்ட துளைக்குள் புது மரையாகப் போடும் சுருள் கம்பி.

நித்யா_ஸ்பிட்ஃபயர் · ஜனவரி 12, காலை 7:55

நான் இவ்வளவு சிரமப்படவே இல்லை. என் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 காருக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் செட் ஒன்று வாங்கினேன். பாடிக்குத் தனி, எஞ்சினுக்குத் தனி என்று பைகளில் போட்டுத் தந்தார்கள். ஐந்து வருஷம் ஆகிறது, ஒரு புள்ளி துரு கிடையாது. லெஸ்டர் மழையில் தினமும் நிற்கிற கார். வாசன் அண்ணா, உங்கள் நேரத்துக்கும் மதிப்பு இருக்கிறது. செட்டாக வாங்கிவிடுங்கள்.

பழைய_இரும்பு · ஜனவரி 12, மதியம் 1:10

நித்யா, பம்பர், விங், கிரில், நம்பர் பிளேட், உள் அலங்காரம் இவற்றுக்கு ஸ்டெயின்லெஸ் அருமையானது. என் காரிலும் போட்டிருக்கிறேன். சஸ்பென்ஷன், ஸ்டீரிங், பிரேக், சீட் பெல்ட் பக்கம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

காரணத்தை எண்ணிலேயே சொல்கிறேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் யூனிஃபைட் போல்ட்டின் தலையில் ஒரு எழுத்து இருக்கும். எஸ் என்றால் ஒரு சதுர இஞ்சுக்கு 50 டன் இழுவை தாங்கும். இன்றைய கணக்கில் சுமார் 770 நியூட்டன் (சதுர மி.மீ.க்கு). கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் ஏ2-70 தாங்குவது 700. அது அறுவதற்கான எண். நிரந்தரமாக இழுபட ஆரம்பிப்பது 450-இலேயே. எஸ் போல்ட்டுக்குச் சொன்ன முறுக்கத்தை அதே அளவு ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கொடுத்தால் அது நீண்டுவிடும், நமக்குத் தெரியாது. இறுக்கியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டுவோம்.

இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் வேகமாக ஏற்றினால் மரையோடு மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

செட் என்று வருவதில் என் பெரிய குறை வேறு. பல செட்டுகளில் போல்ட்டுக்குப் பதில் முழு மரை ஸ்க்ரூ போட்டுவிடுகிறார்கள். சஸ்பென்ஷன் கை ஒன்று குறுக்கே சுமை தாங்கும் இடத்தில், துளைக்குள் இருக்க வேண்டியது மரையில்லாத வழவழப்பான தண்டு. அங்கே மரை வந்து உட்கார்ந்தால் துளையை ரம்பம் மாதிரி அராவும். கழற்றிய போல்ட்டில் தண்டு எவ்வளவு, மரை எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொண்ட பிறகு வாங்க வேண்டும்.

யாழ்_ஏ40 · ஜனவரி 12, இரவு 8:30

தம்பி வாசன், நான் ஹாரோவில இருக்கிறன். யாழ்ப்பாணத்தில அப்பாவிட்ட ஓர் ஒஸ்ரின் ஏ-40 இருந்தது. தொண்ணூறுகளில பெற்றோல் தடை வந்தபிறகு அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில ஓடினதை ஊரே அறியும். புதுச் சாமான் ஒண்டும் வராது. கழட்டின புரியாணி (நீங்கள் சொல்லுற போல்ட், ஸ்க்ரூ) ஒவ்வொண்டையும் நெல்லுப் போல பொறுக்கி வைப்பம். அதில பழகின கை இது, அதால சொல்லுறன்.

பிரிக்கிறதுக்கு மெசின் ஒண்டும் வேண்டாம். யூ.என்.எஃப். எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச புத்தம் புதிசா ஒரு 1/4, ஒரு 5/16, ஒரு 3/8, ஒரு 1/2 வாங்குங்கோ. டப்பாவில இருக்கிறதை ஒவ்வொண்டா எடுத்து, அதின்ர புரியை இந்தப் புது ஆணியின்ர புரியோட பக்கவாட்டில பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கோ. இரண்டும் பல்லுக்குப் பல்லு இறங்கி, நடுவில வெளிச்சம் தெரியாட்டில் அதே புரி. ஓர் அரை இஞ்சிக்குள்ள எங்கயாவது பல்லுக்கு மேல பல்லு ஏறி வெளிச்சம் தெரிஞ்சால் வேற சாதி, அதைத் தனிய வையுங்கோ.

மின்சாரச் சாமான்களோட வாற சின்னப் பித்தளை ஆணிகளை மட்டும் இதுக்க கலக்க வேண்டாம். அது பி.ஏ. எண்ட வேற குடும்பம். மின்சாரச் சாமான், மீற்றர் செய்த லூக்காஸ், ஸ்மித்ஸ் ரெண்டு பேரும் அதைத்தான் கனகாலம் பாவிச்சவை.

வார்விக்_வாசன் · ஜனவரி 19, மாலை 6:05

யாழ் ஐயா, உங்கள் முறைக்கு மூன்று இரவு பிடித்தது. சமையல் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, விளக்கை எதிரே வைத்து உட்கார்ந்தேன். மகளும் கூட உட்கார்ந்து "இது வெளிச்சம் வருதுப்பா" என்று தனியே எடுத்து வைத்தாள். நூறு போல்ட் தாண்டியதும் கண்ணே பழகிவிட்டது, அளக்காமலே சொல்ல முடிகிறது.

மொத்தம் ஐந்து குவியல். யூ.என்.எஃப். பெரிய குவியல். யூ.என்.சி. கொஞ்சம். மில்லிமீட்டர் இருபத்தொன்று, எல்லாம் யாரோ பிறகு போட்டவை. பி.ஏ. ஒரு கைப்பிடி. கடைசியில் எதிலும் சேராமல் ஒன்பது.

ஒரு சந்தேகம். நிறைய போல்ட் தலையின் பக்கவாட்டில் சின்ன வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சங்கிலி மாதிரி பொறித்திருக்கிறது. அது என்ன? அப்புறம் பாகப் புத்தகத்தில் எச்.இசட்.எஸ். 0506, எச்.பி.இசட். 0520 என்று எண்கள் வருகின்றன. இந்த எண்ணைச் சொல்லி விசாரித்தால் ஒரு கடையில் இருக்கிறது என்கிறார்கள், அடுத்த கடையில் இல்லை என்கிறார்கள்.

டீ_டைப் · ஜனவரி 19, இரவு 9:50

அந்த வட்டங்கள்தான் யூனிஃபைட் மரை என்பதற்கான அடையாளம். விட்வொர்த்தும் யூனிஃபைட்டும் ஒரே பட்டறையில் கலந்து கிடந்த காலத்தில் மெக்கானிக் குழம்பக்கூடாது என்று போட்டார்கள்.

பாக எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் கடைக்காரர் தயவே வேண்டாம். எச்.இசட்.எஸ். என்றால் ஆறுமுகத் தலை, முழு மரை, யூ.என்.எஃப். அடுத்த 05 என்பது 5/16 இஞ்ச் விட்டம், பதினாறில் எத்தனை என்ற கணக்கு. கடைசி 06 என்பது நீளம், இஞ்சின் எட்டில் எத்தனை என்ற கணக்கு. ஆக 6/8, முக்கால் இஞ்ச். எச்.பி.இசட். என்றால் தண்டுள்ள போல்ட். 0520 என்றால் 5/16 விட்டம், 20/8, இரண்டரை இஞ்ச். எம்.ஜி.யையும் சேர்த்துக்கொண்ட பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி வந்த பிறகு இதே சாமானுக்கு எஸ்.எச். 605061, பி.எச். 605201 என்று பெயர் மாற்றினார்கள். உள்ளே பாருங்கள், அதே 05, 06, 20 ஒளிந்திருக்கும். கடையில் இந்த எண்ணைச் சொல்லாமல், "5/16 யூ.என்.எஃப்., முக்கால் இஞ்ச், முழு மரை" என்று கேளுங்கள்.

உங்களுக்கு ஒரே மரைக் குடும்பம் என்பது பெரிய பாக்கியம். என்னிடம் இருப்பது 1952 எம்.ஜி. டி.டி., எம்.ஜி.பி.க்கு முந்தைய மாடல். அதன் 1250 சி.சி. எஞ்சினில் மரை மில்லிமீட்டர், தலை விட்வொர்த். எம்.ஜி.யின் தாய்க் கம்பெனியான மாரிஸ் 1923-இல் கவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் எஞ்சின் ஆலையை வாங்கியது. இயந்திரங்கள் பிரெஞ்சு மரையில் வெட்டிப் பழகியவை. மரையை அப்படியே வைத்துக்கொண்டு, ஊர் மெக்கானிக்கின் ஸ்பேனர் பொருந்த வேண்டும் என்று தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். அந்தப் பழக்கம் என் கார் வரை வந்துவிட்டது. அந்த 8 மி.மீ. மரையும் இன்றைய கடை மரை இல்லை. கடையில் இருப்பது 1.25 இடைவெளி, எனக்கு வேண்டியது 1.0. ஒரு போல்ட் தேடி மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். ஆனாலும் அந்த எஞ்சின் மேல் எனக்குத் தீராத பிரியம்.

பெருங்களத்தூர்_ஹெரால்ட் · ஜனவரி 20, காலை 6:15

டீ_டைப் சார், "எட்டில் எத்தனை" என்றீர்களே, அது நம்ம ஊர் நூல் கணக்கு! ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். எங்கள் ஆசாரியும் கம்பிக் கடைக்காரரும் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். 0506 என்றால் ஆறு நூல் நீளம். இனி மறக்காது.

சென்னையில் இருக்கிறேன். என்னிடம் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது, பெருங்களத்தூர் தொழிற்சாலையில் பிறந்தது. நித்யா மேடத்தின் ஸ்பிட்ஃபயர் பிறந்ததே ஹெரால்ட் சேசிஸிலிருந்துதான். முன் சஸ்பென்ஷனும் அதே குடும்பம். அதனால் இந்த யூ.என்.எஃப். தேடல் எனக்கு இருபது வருஷப் பழக்கம். வாசன் சாரின் எஞ்சினும் எங்களுக்கு அந்நியம் இல்லை. அம்பாசடரில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் வம்சம்.

நான் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி, "மில்லிமீட்டர்தான் இருக்கு" என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவன். ஒரு நாள் பழைய மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "கார் கடையில் ஏன் தேடுறே? டிராக்டர் கடைக்குப் போ." மாஸி ஃபெர்குசன் டிராக்டர் முழுக்க யூ.என்.எஃப்., யூ.என்.சி. மரைதான். அன்றிலிருந்து எனக்கு போல்ட் பஞ்சமே இல்லை. உங்கள் கவென்ட்ரியில் பேனர் லேன் ஆலையில்தான் அந்த 135 டிராக்டரைச் செய்தார்கள். அங்கே கிடைக்காமலா போகும்?

வார்விக்_வாசன் · ஜனவரி 26, மாலை 4:40

இந்த வாரம் நல்லதும் கெட்டதும் நடந்தது.

கெட்டது முதலில். டிராக்டர் யோசனையைப் படிப்பதற்கு முன்பே, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 3/8 யூ.என்.எஃப். போல்ட் இருபது வாங்கியிருந்தேன். "ஹை டென்சைல்" என்று போட்டிருந்தார்கள். வந்ததும் தலையைப் பார்த்தேன். எழுத்தும் இல்லை, கோடும் இல்லை, மொட்டைத் தலை. பழைய_இரும்பு சொன்னது நினைவுக்கு வந்து காரில் போடாமல் வைஸில் பிடித்து, ஒரு தடிமனான குழாயை இடையில் கொடுத்து, டார்க் ரெஞ்சில் இறுக்கினேன். 30 அடி-பவுண்டு காட்டுவதற்கு முன்பே கை இளகுவது தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் மரைக்குக் கீழே கழுத்து மெலிந்திருந்தது. இரண்டாவது போல்ட் 'டிக்' என்று தலை தனியாக வந்துவிட்டது. டப்பாவில் இருந்த ஜி.கே.என். எஸ் போல்ட் ஒன்றை அதே மாதிரி இறுக்கினேன், அசையவில்லை, மரையும் அப்படியே இருந்தது. இந்த இருபதையும் நம்பி முன் சஸ்பென்ஷனை மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

நல்லது இது. ஹெரால்ட் சார், உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். சனிக்கிழமை ஊருக்கு வெளியே ஒரு விவசாயச் சாமான் கடைக்குப் போனேன். உரமூட்டை, வேலிக்கம்பி எல்லாம் தாண்டி, பின்சுவர் முழுக்க இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் அளவு எழுதியிருக்கிறது, முக்கால்வாசி யூ.என்.எஃப்., யூ.என்.சி. கவுண்டரில் எடை போட்டுத் தருகிறார்கள். தலையில் மூன்று கோடு.

பழைய_இரும்பு · ஜனவரி 26, இரவு 7:25

மூன்று கோடு என்றால் அமெரிக்க கிரேடு 5. சதுர இஞ்சுக்கு 120,000 பவுண்டு. உங்கள் எஸ் போல்ட் 112,000. தாராளமாகப் போடலாம். ஆறு கோடு போட்ட கிரேடு 8 கிடைத்தால் இன்னும் நல்லது என்று எல்லா இடத்திலும் போட வேண்டாம். பாகப் புத்தகம் கேட்கும் இடத்துக்கு மட்டும் அது.

வைஸில் சோதித்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்கு நிம்மதி. அந்த இருபதையும் வேறு யார் கைக்கும் போகாமல் இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் போட்ட படத்தில் பின்னால் பிரேக் பைப் ஒன்று தெரிகிறது. முனை நட்டு புதிது மாதிரி இருக்கிறது. எங்கே வாங்கியது?

வார்விக்_வாசன் · ஜனவரி 26, இரவு 7:40

அது டப்பாவோடு வந்தது. ஏற்கனவே யாரோ செய்து வைத்த பைப். வீல் சிலிண்டரில் கையாலேயே இறங்குகிறது, அதனால் சரியென்று நினைத்தேன்.

பழைய_இரும்பு · ஜனவரி 26, இரவு 8:30

"கையாலேயே இறங்குகிறது" என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் காரின் பிரேக் பைப் நட்டு 3/8 யூ.என்.எஃப். விட்டம் 9.53 மி.மீ., இஞ்சுக்கு 24 மரை, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.06 மி.மீ. பிறகு வந்த கார்களில் 10 மி.மீ., 1.0 இடைவெளி. இரண்டுக்கும் நடுவே விட்டத்தில் அரை மி.மீ., மரையில் மயிரிழை. யூ.என்.எஃப். நட்டை 10 மி.மீ. துளையில் போட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். இறுக்கினால் இறுகுவது மாதிரியும் இருக்கும். பிடித்திருப்பது மரையின் நுனி மட்டும். அவசரத்துக்கு பிரேக்கை மிதிக்கிற அன்றைக்கு பைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இன்று கடையில் விற்கும் மாற்று வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றிலும் எந்த மரை வெட்டியிருக்கிறது என்று பெட்டியை நம்பாமல் நீங்களே பார்க்க வேண்டும். மரை கேஜ் ஒன்று, வெர்னியர் ஒன்று, இரண்டும் சேர்த்து பெரிய செலவில்லை. நட்டு சரியான மரை என்றால் இறங்கும்போது ஆட்டம் இருக்காது. பாதி இறக்கி, பைப்பைப் பக்கவாட்டில் அசையுங்கள். லொடலொடத்தால் உடனே கழற்றுங்கள்.

வார்விக்_வாசன் · ஜனவரி 27, காலை 8:10

அசைத்துப் பார்த்தேன். ஆடுகிறது. சிலிண்டர் 10 மி.மீ., பைப் யூ.என்.எஃப். நான்கு சக்கரத்தின் பைப்பும் பின் சக்கரங்களின் சிலிண்டரும் ஓரம் கட்டிவிட்டேன். எல்லாம் புதிதாக, ஒரே மரையில் வாங்குகிறேன்.

உங்களுக்கு நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை. அந்தக் காரின் பக்கத்து சீட்டில் என் மகள்தான் உட்காரப் போகிறாள்.

நித்யா_ஸ்பிட்ஃபயர் · ஜனவரி 27, மதியம் 12:30

இதைப் படித்துவிட்டு நேற்று என் காருக்கு அடியில் படுத்தேன். பாடிக்குப் போட்ட ஸ்டெயின்லெஸ் எதையும் மாற்றப் போவதில்லை. ஆனால் முன் சஸ்பென்ஷனில் இருந்த எட்டையும் கழற்றிவிட்டேன். பழைய_இரும்பு அண்ணா சொன்னது சரிதான், இரண்டு இடத்தில் தண்டு வர வேண்டிய துளைக்குள் மரை. துளையின் ஓரத்தில் மரையின் தழும்பு வரிவரியாகத் தெரிகிறது.

என் பக்கத்திலிருந்து வாசன் அண்ணாவுக்கு ஒன்று. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் பைப்புக்கு இரும்பு நட்டோ ஸ்டெயின்லெஸ் நட்டோ போடாதீர்கள். பித்தளை நட்டு போடுங்கள். சூட்டில் இரும்பு துருவேறி ஸ்டட்டோடு (நட்டு ஏறும் தலையில்லாத மரைத் தண்டு) ஒன்றாகிவிடும், கழற்றும்போது ஸ்டட் முறியும். பித்தளை பத்து வருஷம் கழித்தும் கழன்று வரும். நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டையும் அந்தப் பக்கம் கொண்டு போகவேண்டாம், நைலான் உருகிப் போய்விடும். உங்கள் பி-சீரிஸில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சில ஸ்டட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு விளிம்பையும் ஒரே தடி வாஷர் அமுக்குகிறது. அந்தத் தடி வாஷர் டப்பாவில் இருந்தால் பத்திரம். சாதாரண வாஷர் போட்டால் வளைந்துவிடும், ஒரு பக்கம் காற்று கசியும்.

வார்விக்_வாசன் · பிப்ரவரி 8, இரவு 10:15

தடி வாஷர் நான்கும் கிடைத்தன. இன்றைக்கு எழுதுவது கதவுக் கீல் பற்றி.

ஒவ்வொரு கீலிலும் மூன்று பெரிய ஸ்க்ரூ. வலது பக்கம் போன மாதமே முயன்று, ஒன்றின் தலையில் திருப்புளி வழுக்கி மழுக்கிவிட்டேன். யாழ் ஐயாவைத் தொலைபேசியில் கேட்டபோது, "தம்பி, நட்சத்திரக் குறுக்குக்கு நடுவில சின்னக் கோடு நாலு இருக்குதோ எண்டு பாருங்கோ" என்றார். பெயிண்ட் மூடியிருந்ததால் தெரியவில்லை. ஒரு கூரான ஊசியை எடுத்து ஸ்க்ரூ தலையின் பள்ளத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். மேலே சிவப்பு, அதற்கு அடியில் சாம்பல் பிரைமர், அதற்கும் அடியில் வெளிர் மஞ்சள். இந்தக் கார் அபிங்டனில் இருந்த எம்.ஜி. ஆலையை விட்டு வந்தபோது மஞ்சள் நிறம்! வாங்கி மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்க்ரூவின் பள்ளத்தில் எனக்கு அது தெரிந்தது. பெயிண்ட் முழுக்க வந்த பிறகு பார்த்தால், குறுக்குக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள். பிலிப்ஸ் இல்லை, போசிட்ரைவ்.

பிலிப்ஸ் திருப்புளியின் பக்கங்கள் சாய்வு, அழுத்தினால் மேலே ஏறி வழுக்கும். போசிட்ரைவ் பள்ளத்தின் பக்கங்கள் கிட்டத்தட்ட நேர். நான் தவறான திருப்புளியைப் பிடித்ததால்தான் போன மாதம் அது மழுங்கியது. சரியான பெரிய போசிட்ரைவ் பிட் வாங்கினேன், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரில் மாட்டினேன். மூன்று நாள் இரவும் காலையும் துரு எண்ணெய் விட்டு, நான்காம் நாள் அடித்தேன். ஏழாவது அடியில் ஒரு சின்ன 'கிறீச்'. பத்தாவது அடிக்குப் பிறகு விரலாலேயே சுழன்று வந்தது. பன்னிரண்டில் பதினொன்று இப்படி முழுசாக வந்துவிட்டன. மழுங்கிய ஒன்றை மட்டும் துளையிட்டு எடுத்தேன்.

ஒரு கேள்வி. இந்தப் பழைய ஸ்க்ரூ, எஸ் போல்ட் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, துரு மேலோட்டம். வினிகரில் ஊறவைத்து வீட்டிலேயே சிங்க் முலாம் பூசலாமா?

பழைய_இரும்பு · பிப்ரவரி 9, காலை 9:00

அழகான வேலை. சாதாரண போல்ட்டுக்கும் கீல் ஸ்க்ரூவுக்கும் செய்யலாம். அந்தக் காலத்து முலாம் பல போல்ட்டில் காட்மியம், அது விஷம், அதனால் துருவைத் தேய்க்கும்போது தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், ஈரமாக வைத்தே தேயுங்கள்.

கடினமாக்கிய உயர் வலிமை போல்ட், ஸ்ப்ரிங் இவற்றை மட்டும் அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும் போல்ட், இறுக்கி வைத்த மறுநாள் தானாக முறியும். தொழிற்சாலையில் முலாம் பூசிய உடனே 200 டிகிரி பக்கம் மணிக்கணக்கில் சுட்டு அந்த வாயுவை வெளியேற்றுவார்கள். கனெக்டிங் ராட் போல்ட், பின் ஸ்ப்ரிங்கின் யு-போல்ட் எல்லாம் புதிதே வாங்குங்கள்.

கம்பிச் சக்கரம்தானே உங்களுக்கு? அதை நடுவில் ஒரே பெரிய நட்டுதான் பிடித்திருக்கும். ஹப்பை மாட்டும்போது மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிடுங்கள். காரின் இடது பக்க ஹப்புக்கு வழக்கமான வலது மரை, வலது பக்க ஹப்புக்கு இடது மரை. சக்கரம் முன்னே ஓடும் திசையில் திருகினால் நட்டு கழல வேண்டும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மாற்றி மாட்டினால் ஓட ஓட நட்டு தானாகக் கழன்று சக்கரம் தனியே போகும்.

வார்விக்_வாசன் · பிப்ரவரி 23, மாலை 5:50

ஸ்டோன்லீயில் எம்.ஜி., ட்ரையம்ஃப் உதிரிபாகச் சந்தைக்கு இன்று போய்வந்தேன். பழைய_இரும்பு அங்கேயே கிடைத்தார், இரண்டு மணி நேரம் கூடவே வந்து ஒவ்வொரு தட்டையும் கிளறினார். ஜி.கே.என். தலை போட்ட 5/16 போல்ட் ஒரு தகரப் பெட்டி நிறைய, பழைய பட்டறை ஒன்றை மூடியபோது வந்த சரக்காம். கீலுக்கு பன்னிரண்டாவது ஸ்க்ரூவும் அங்கேதான் கிடைத்தது. கதவுத் தூண் நட்டு டேப் ஓட்டியதில் பிழைத்துவிட்டது. மதியம் வந்ததும் இடது கதவை மாட்டினேன், ஒரு கையால் தள்ளினால் 'டப்' என்று மூடுகிறது.

எதிலும் சேராமல் இருந்த ஒன்பதில் இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு. சின்ன ஸ்க்ரூ, விட்டம் 4.7 மி.மீ. 10-32 யூ.என்.எஃப். நட்டில் இரண்டு சுற்று போய் நின்றுவிடுகிறது. யாழ் ஐயா, படம் போட்டிருக்கிறேன், பாருங்களேன்.

யாழ்_ஏ40 · பிப்ரவரி 23, இரவு 7:05

ஓம் தம்பி, அது 2 பி.ஏ. 10-32 கிட்டத்தட்ட அதே பருமன், 4.83. புரியும் 0.79, 0.81 எண்டு ஒண்டோட ஒண்டு ஒட்டின மாதிரி. பலவந்தமா இறுக்காமல் விட்டது நல்லது. தலைக்குக் கீழ கறுப்பா ஒரு வளையம் தெரியுது, வயர் முனை இருந்த தடம். அநேகமா டாஷ்போர்ட்டுக்குப் பின்னால மண் கம்பி (எர்த் வயர்) பிடிச்ச ஆணியா இருக்கும். என்னட்ட 2 பி.ஏ. பித்தளை நட் ஒரு சின்னப் போத்தல் நிறையக் கிடக்குது. விலாசத்தை அனுப்புங்கோ, நாளைக்குத் தபாலில போட்டுவிடுறன்.